அகிதா நாய் கானாடுகாத்தான் வீட்டுக் காவலுக்கு ஒத்துவருமா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பழைய வீடு. அதில் எழுபதைத் தாண்டிய உங்கள் பெற்றோர், அப்பச்சியும் ஆத்தாவும், மட்டும் இருக்கிறார்கள். நீங்கள் சிங்கப்பூரில். காவலுக்கு ஜப்பானிய இனமான அகிதா குட்டி ஒன்று வாங்கி விட்டால், இறந்த எஜமானருக்காக ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஹச்சிக்கோ போல விசுவாசமாக இருக்குமா, அதன் குணம் எப்படி, நம் பக்கத்து வெயிலைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இனத்தின் குணத்தைக் கேட்டதுபோல் இருந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் இல்லாத வீட்டில், முதியவர்கள் கையில், இந்த நாய் துணையாக இருக்குமா அல்லது அவர்களுக்கே பாரமாகிவிடுமா என்பதுதான் அது. கால்நடை மருத்துவம் படித்து, நாய்களின் நடத்தைச் சிக்கல்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஏற்பாட்டுக்கு அகிதா வேண்டாம். நாய் மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. மிக நல்ல நாய். அதனிடம் உங்களுக்குப் பிடித்திருக்கும் குணமே இந்த வீட்டில் சிக்கலாக முடியும். அது எப்படி என்று விளக்குகிறேன்.

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடக்கே, பனி ஆளுயரம் கொட்டும் மாநிலம் அகிதா. அங்கே ஓதாத்தே என்ற ஊரைச் சுற்றி உருவான இனம் இது. மலையில் வேட்டையாடி வாழ்ந்த மத்தாகி என்னும் வேடர்கள் கரடி, காட்டுப்பன்றி, மான் வேட்டைக்கு இவற்றின் முன்னோர்களை வைத்திருந்தார்கள். வேடன் வந்து சேரும்வரை கரடியை மடக்கி நிறுத்துவது நாயின் வேலை. அந்த இடத்தில் உத்தரவு கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள், நாயே முடிவெடுக்க வேண்டும். பிறகு ஓதாத்தே பக்கம் நாய்ச்சண்டை பரவியபோது உருவத்தைப் பெருக்கத் தோசா, மாஸ்டிஃப் போன்ற பெரிய நாய்களோடு கலந்தார்கள். கலப்பு எல்லை மீறியதைக் கண்டு 1927-ல் இனப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தொடங்கியது. 1931-ல் ஜப்பான் அரசு அகிதாவை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. இரண்டாம் உலகப்போரில் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்ட பிறகு, அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுபோன நாய்களிலிருந்து ஒரு கிளையும், ஜப்பானிலேயே பழைய உருவத்தை மீட்டெடுத்ததில் இன்னொரு கிளையும் வளர்ந்தன. அதனால் இன்று அகிதா என்ற பெயரில் இரண்டு வகை நாய்கள் உண்டு. ஜப்பானிய வகை நரி முகம் கொண்டது. சிவப்பு, எள் நிறம், வரி, வெள்ளை என்ற நான்கு நிறங்களில் மட்டும் வரும். ஆண் நாய் தோளளவில் சுமார் 67 சென்டிமீட்டர், பெண் 61. அமெரிக்க வகை கரடி முகம் கொண்டது. எலும்பு கனம், எந்த நிறமும் வரும், முகத்தில் கறுப்பு இருக்கலாம். ஆண் 45 முதல் 59 கிலோ வரை போகும். விற்பவர் படம் அனுப்பும்போது முகத்தில் கறுப்பு இருந்து, அவர் அதை ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்றால், அவருக்கு இனம் தெரியவில்லை அல்லது உண்மை சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குணத்தில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். எடையால் வரும் ஆபத்து அமெரிக்க வகையில் கூடுதல்.

இந்த இனத்தை அறிந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லாத குணங்களை முதலில் சொல்கிறேன். வீட்டு ஆட்களிடம் ஆழமான பிணைப்பு. ஆனால் லாப்ரடார் போல மேலே விழுந்து கொஞ்சாது, இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டு நீங்கள் எழுந்தால் தானும் எழும். அந்நியரிடம் ஒட்டாது. வாலாட்டி வரவேற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நன்றாக வளர்ந்த அகிதா விருந்தாளியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதுவே நல்ல நடத்தை. தன் பாலைச் சேர்ந்த பிற நாய்களை, அதிலும் ஆண் ஆணை, பெரும்பாலும் பொறுக்காது. குட்டியில் எல்லாரோடும் விளையாடியது பன்னிரண்டு மாதத்திலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் ஒருநாள் மாறிவிடும். பூனை, கோழி, ஆட்டுக்குட்டி எதுவானாலும் ஓடினால் துரத்தும், பிடித்தால் விடாது. சோற்றுத் தட்டையும் எலும்பையும் காக்கும் பழக்கம் மற்ற பல இனங்களைவிடத் தூக்கலாக இருக்கும். மிகச் சுத்தமானது, பூனைபோலத் தன்னை நக்கித் துடைக்கும், வெளியே போய்க் கழிக்க வேகமாகப் பழகும். புத்திசாலி, ஆனால் பத்துமுறை ‘உட்கார்’ என்றால் மூன்றுமுறைக்குமேல் உட்காராது. அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்கள்தான் பின்னால் கடி வாங்குகிறார்கள்.

காவலுக்கு நாய் தேடுபவர்கள் கவனிக்காமல் விடுவது, அகிதா அதிகம் குரைக்காது என்பதை. முதியவர்கள் இருக்கும் வீட்டில் காவல் நாயின் முதல் வேலை எழுப்புவது: யாரோ பின்கட்டில் நடமாடுகிறார்கள் என்று ஊரைக் கூட்டுவது. குரைக்கும் நாய் இருக்கிற வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குத் திருடன் போய்விடுவான், யாருக்கும் காயமில்லை. அகிதா பல நேரம் சத்தமில்லாமல் எழுந்து போய் நிற்கும். வந்தவர் திருடனா, கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்கச் சொல்லாமல் வந்த எலக்ட்ரீசியனா என்ற முடிவை அதுவே எடுக்கும். நாற்பது கிலோ நாய் தவறாக முடிவெடுத்தால் அதைப் பிடித்து இழுக்க எழுபது வயதுக்காரரால் முடியாது.

இன்னொன்று அதன் உடல்மொழி. கோபம், பயம் ஆகியவற்றை நாய்கள் பெரும்பாலும் காது, வால், முதுகு மயிர் மூலம் காட்டுகின்றன. அகிதாவின் காது எப்போதும் நிமிர்ந்து முன்னால் சாய்ந்திருக்கிறது. வால் எப்போதும் முதுகின் மேல் சுருண்டிருக்கிறது. அடர்ந்த ரோமத்தில் மயிர் சிலிர்ப்பது தெளிவாகத் தெரிவதில்லை. கண் சிறியது, முக்கோணமானது. ஆகவே மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் அதன் எச்சரிக்கை எளிதில் புரிவதில்லை. ‘சொல்லாமல் கடித்துவிட்டது’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலும் நாய் சொல்லியிருக்கும், யாருக்கும் புரிந்திருக்காது. பார்க்க வேண்டியவை: திறந்திருந்த வாய் சட்டென மூடுவது, மூச்சிரைப்பு நிற்பது, உடல் விறைத்து ஒரே இடத்தில் உறைவது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பது. இவற்றில் ஒன்று வந்தாலே தொடுவதை நிறுத்தி, ஆளை விலக்கி, நாய்க்கு இடம்விட வேண்டும். உறுமினால் திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. உறுமலை அடக்கினால் அடுத்தமுறை அது நேரே பல்லுக்குப் போகும்.

இனி ஹச்சிக்கோ. 1923 நவம்பரில் ஓதாத்தே பகுதியில் பிறந்த குட்டி அது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் உவேனோ ஹிதேசபுரோவிடம் 1924 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. 1925 மே 21 அன்று அவர் பணியிடத்தில் இறந்துபோனார். அதன்பிறகு 1935 மார்ச் 8-ல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. எல்லாரும் இதை விசுவாசம் என்று மட்டும் படிக்கிறோம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பேராசிரியரோடு அது வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை. அவர் இறந்த பிறகு வேறு வீடுகளுக்கு அனுப்பினார்கள், எதிலும் ஒட்டவில்லை. கடைசியில் அந்த வீட்டுத் தோட்டக்காரர் நன்றாகவே பார்த்துக்கொண்டார், அப்போதும் அது நிலையத்துக்குத்தான் போனது. குட்டிப் பருவத்தில் யார் கையில் வளர்ந்ததோ அந்த ஒருவர்மேல் பதிந்த பிணைப்பை, இன்னொருவர் சோறு போட்டு மாற்றுவது எளிதல்ல என்பதை இது காட்டுகிறது. விடுப்பில் நீங்கள் இரண்டு மாதம் வந்திருந்து குட்டியைப் பழக்கிவிட்டுச் சிங்கப்பூர் திரும்பினால், அது தேடப்போவது உங்களை. நீங்கள் பழக்காமல், குட்டியிலிருந்தே வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ தோட்டத்துக்கு வருபவரோ சோறு வைத்து வெளியே கூட்டிப்போனால் அவர் சொல்லைத்தான் கேட்கும்; அப்பச்சி சொல்வதைக் கேட்காது, அந்த ஆள் வேலையை விட்ட அன்று வீட்டில் நாயை அடக்க ஆளில்லை.

வீட்டமைப்பையும் சொல்ல வேண்டும். ஆண்டில் பத்து மாதம் இரண்டு பேர். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று ஏதாவது வந்தால் இரண்டே நாளில் பங்காளிகளும் பிள்ளைகளுமாக வளவு (முற்றம் உள்ள நடுவீடு) நிறைந்துவிடும். சமையலுக்கு வெளியாட்கள், பந்தல்காரர், மேளம், ஓடியாடும் குழந்தைகள், எல்லாக் கதவும் திறந்து கிடக்கும். மாதக்கணக்கில் அமைதியாக இருந்து திடீரென்று நூறு அந்நியர் நுழைவது, அந்நியரை ஏற்காத நாய்க்கு நேரக்கூடிய மிகக் கடினமான சூழல். குழந்தை ஓடினால் துரத்தும் உணர்வு, இலையில் விழுந்த சோறு என்றால் காக்கும் உணர்வு, மேளச் சத்தத்தில் பதற்றம், மூன்றும் ஒரே நேரத்தில் தூண்டப்படும். அன்றைக்கு மட்டும் சங்கிலியில் கட்டிவிடலாம் என்று தோன்றும். பழக்கமில்லாத கட்டு அதன் பதற்றத்தை இரட்டிப்பாக்கும். கட்டிய நாயின் எல்லைக்குள் போகும் குழந்தை கடிபடும் ஆபத்து அதிகம். வீட்டின் பின்பகுதியான மூணாங்கட்டில் தாழ்ப்பாள் போடும் ஓர் அறை, சாவி ஒரே ஆள் கையில், அவரைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு, இவை இல்லாமல் விசேஷ வீட்டில் அகிதாவை வைத்திருக்க முடியாது. அந்த ஒரே ஆள் யார் என்று யோசியுங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. அந்த அளவு உறுதியில்லாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இனத்தின் பெயரை வைத்து ஒரு தனி நாயின் குணத்தை எவ்வளவு கணிக்கலாம் என்பதில் நாம் நம்பிவந்த அளவு உண்மை இல்லை. 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த பெரிய ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் தகவல்களைப் பார்த்து, தனி நாய்களிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஒன்பது சதவீதம் அளவுதான் என்று கண்டது. சாந்தமான அகிதாவும் உண்டு, ஊரையே கடிக்கும் பொமரேனியனும் உண்டு என்று அதற்குப் பொருள். ஆனாலும் எடை, தாடையின் பலம், குறைவாகக் குரைப்பது, எச்சரிக்கை தெளிவாகத் தெரியாத உடலமைப்பு ஆகியவை மாறுவதில்லை; தவறு நடக்கும் வாய்ப்பு சமமாக இருந்தாலும் நடந்தால் வரும் சேதம் சமமில்லை. ‘ஜப்பானில் கைக்குழந்தையை அகிதாவிடம் விட்டுவிட்டுத் தாய்மார் வயலுக்குப் போவார்கள்’ என்று விற்பவர்கள் சொல்லும் கதையை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். எந்த இன நாயோடும் சிறு குழந்தையைத் தனியே விடக்கூடாது. கூகுளில் சுற்றும் ‘கடி வலிமை’ எண்களையும் நான் பொருட்படுத்துவதில்லை. உயிருள்ள நாயின் முழுக் கடியை நம்பகமாக அளப்பது மிகக் கடினம்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அகிதாவுக்கு இரட்டை ரோமம்: மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சுபோன்ற அடர் மயிர். பனிக்காக அமைந்தது. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் 38, 40 டிகிரி சர்வசாதாரணம். நாய் உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். புழுக்கம் கூடினால் மூச்சிரைப்பும் பலன் தராது. செட்டிநாட்டு வீட்டின் சுண்ணாம்புச் சுவரும், உயர்ந்த மச்சும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் ஒரு நல்ல வாய்ப்பு. நாய் வயிறு பதியப் படுத்தால் தரை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அது போதாது. பங்குனியிலிருந்து ஆடிவரை பகல் பதினோரு மணி முதல் மாலை ஐந்துவரை ஏசி ஓடும் ஓர் அறை வேண்டும், மின்சாரம் போனால் ஒரு ஃபேனையாவது ஓட்ட இன்வெர்ட்டர் வேண்டும். நடைக்குக் காலை ஆறுக்குமுன், இரவு ஏழரைக்குமேல். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தையும் வைக்கக்கூடாது. வெயில் என்று மொட்டையடித்துவிடுவது பெருந்தவறு: அடிமயிரைச் சீப்பால் வாரி எடுத்தால் காற்று புகும், மழித்தால் தோல் நேரே வெயிலில் படும், ரோமம் மீண்டும் ஒழுங்காக வளராமலும் போகலாம். ஆண்டுக்கு இரண்டுமுறை இரண்டு மூன்று வாரம் அடிமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டும். நம் வெப்பத்தில் கொட்டுவது ஆண்டு முழுதும் ஓரளவு தொடரும். அந்த நாட்களில் தினமும் வார வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து அடிமயிர் காயாமல் போனால் உள்ளே புண் வைக்கும். துண்டால் துடைத்துவிட்டால் மட்டும் போதாது, சூடில்லாத காற்றடித்துத் தோல்வரை உலர்த்த வேண்டும்.

வெப்பத் தாக்கு வந்தால் நேரம் மிகக் குறைவு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட், 104 எச்சரிக்கை, 106-ஐ எட்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் விடாமல் ஊற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டைப் பிடித்துவைக்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இதைச் செய்ய நாற்பது கிலோவைத் தூக்க ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சாப்பாட்டில் இந்த இனத்துக்கென்றே ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அது நம் அடுப்படியை நேராகத் தொடுகிறது. வெங்காயமும் பூண்டும் எல்லா நாய்க்கும் நஞ்சு, சிவப்பணுக்களை உடைக்கும். அகிதா, ஷிபா போன்ற ஜப்பானிய நாய்கள் பலவற்றின் சிவப்பணுக்களில் பொட்டாசியம் மிகுந்திருக்கும் பரம்பரை இயல்பு உண்டு. அத்தகைய நாய்கள் மற்றவற்றைவிடக் குறைந்த வெங்காயத்திலேயே பாதிக்கப்படுகின்றன. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துப் போடாத குழம்பு நம் வீட்டில் எது? மிஞ்சிய கோழிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது அன்பால் செய்வது, ஒருநாள் வைத்தால் ஒன்றும் தெரியாமலும் போகலாம். நாள்தோறும் வைத்தால் சேர்ந்துகொண்டே வரும். சில நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று தெரியும். ஆத்தா கையால் சோறு போடாமல் இருக்கமாட்டார் என்றால், வெங்காயம், பூண்டு, உப்பு, மிளகாய் எதுவும் சேர்க்காமல் கறியைத் தனியே வேகவைத்து எடுத்துவைக்கப் பழக்குங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த நாட்டுக்கோழி எலும்பு ஊசியாக உடையும், கூடாது. வளரும் குட்டிக்கு எலும்பு பலம் என்று கால்சியம் டானிக் ஊற்றுவதையும் செய்யாதீர்கள்: பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தில் தேவையான அளவு உள்ளது, அதற்குமேல் போனால் கால் எலும்பு கோணும். குட்டி கொழுகொழுவென்று இருக்கவும் கூடாது. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

நோய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு, தைராய்டு குறைவு, தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்து ரோமம் உதிரும் நோய், நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கிக் கண்ணைக் குருடாக்கித் தோலை வெளுக்கச் செய்யும் நோய் ஆகியவை இந்த இனத்தில் கூடுதலாகத் தென்படுபவை. அகிதாவின் கண் திடீரெனச் சிவந்து கூசினால் சொட்டு மருந்து போட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உங்கள் மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டியது இன்னொன்று: இரத்த மாதிரி எடுத்து நேரம் கழித்துச் சோதித்தால், சிவப்பணுக்கள் உடைந்து அவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேறி, அறிக்கையில் ஆபத்தான அளவு போலப் பொய்யாகக் காட்டும். சிவப்பணுக்களின் அளவும் இயல்பிலேயே சிறியது, அதை இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணிவிடலாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய் என்பதால் வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் ஓங்கரித்து, வயிறு பறைபோல் உப்பினால், சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை வேண்டும். இரவு பத்து மணிக்கு அந்த வசதி தேடி மதுரைக்கோ திருச்சிக்கோ போக இரண்டு மணி நேரம் ஆகும்; வண்டி ஓட்ட யார் என்பது அடுத்த கேள்வி. ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவதும், தின்றபின் ஒரு மணி நேரம் ஓடவிடாமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்க உதவும். உண்ணிக் காய்ச்சலுக்கு எந்த நாயும் விதிவிலக்கல்ல. அடர்ந்த ரோமத்தில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது என்பதால் தடுப்பு மாத்திரையைத் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும்.

நீங்களே ஊர் திரும்பி, குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகள் அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் என் பதில் மாறும். அப்போது இப்படிச் செய்யுங்கள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை வாங்காதீர்கள், விற்பதே விதிமீறல். தாய் நாயை நேரில் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்; நீங்கள் நுழைந்ததும் தாய் ஒதுங்கி நின்று பார்ப்பது சரி, பதறி நடுங்கினாலோ பாய்ந்தாலோ அந்த ஈற்றை விட்டுவிடுங்கள். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே, கண், தைராய்டு சோதனை அறிக்கையைக் கேளுங்கள்; சான்றிதழ் மட்டும் காட்டினால் அது பிறப்புப் பதிவுதான், உடல்நலச் சான்று அல்ல. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் எதிர்ப்பாலில் எடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரைதான் குட்டியின் மனம் புதியதை ஏற்கத் திறந்திருக்கும் காலம். உங்கள் கைக்கு வரும்போதே பாதி போயிருக்கும். தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்காமல், கூடையிலோ மடியிலோ வைத்து நாளும் வெளியே கொண்டுபோங்கள்: வேட்டி கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், கோயில் மேளம், சந்தை. எல்லாரும் தூக்கிக் கொஞ்ச வேண்டியதில்லை, அது எதிர்விளைவு தரும். தூரத்தில் பார்த்துக்கொண்டே உங்கள் கையிலிருந்து தீனி தின்றால் போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை முடியுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில்.

தட்டைப் பிடுங்கிக் காட்டி ‘நான்தான் எஜமான்’ என்று நிறுவ முயலாதீர்கள். அது தின்னும்போது அருகே போய்த் தட்டில் இன்னும் நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு விலகுங்கள். வாயிலிருப்பதை வாங்க வேண்டுமானால் அதைவிட நல்லதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். சில வாரத்தில் கை நெருங்கினால் நல்லது வரும் என்று பழகிவிடும். மூச்சிரைக்க இடம்விடும் கூடைபோன்ற வாய்ப்பூட்டை, உள்ளே தீனி வைத்து, மூன்றாம் மாதத்திலிருந்தே விளையாட்டாகப் பழக்குங்கள். விசேஷ நாளிலோ மருத்துவரிடமோ முதல்முறை மாட்டினால் போராடும். வாசலில் யாராவது வந்தால் ரெண்டாங்கட்டில் தன் பாய்க்குப் போய்ப் படுப்பது என்ற ஒரே பழக்கத்தை நூறுமுறை பயிற்றுங்கள். பின்வாசலுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கதவு, முதலாவதைச் சாத்தினால்தான் இரண்டாவதைத் திறப்பது என்று வையுங்கள்; அடுத்த தெருவில் ஆடு மேயும், தெருநாய் படுத்திருக்கும். திறந்த வெளியில் கயிறில்லாமல் விடவே கூடாது. இவ்வளவும் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் செய்யும் வேலை.

சட்டத்தையும் பாருங்கள். 2024 மார்ச் 12-ல் மத்திய அரசின் கால்நடைத் துறை 23 இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அகிதா அதில் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. எனவே அந்தச் சுற்றறிக்கையை வைத்து ‘தடை’ என்பவரும் சரியில்லை, ‘இனி எந்தச் சிக்கலும் இல்லை’ என்பவரும் சரியில்லை. உரிம விதிகளை உள்ளாட்சி அமைப்புகள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பணம் கொடுக்கும் முன் உங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் போதிய கவனம் எடுக்கத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நாய் அப்பச்சி பொறுப்பில் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

நீங்கள் சிங்கப்பூரில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால், அப்பச்சி ஆத்தாவுக்கு நான் சொல்வது பதினைந்து, இருபது கிலோவுக்குள் நிற்கும் ஒரு நாட்டு நாய், முடிந்தால் பெண். வெயில் அதற்குப் பிரச்சினையில்லை, அந்நியர் நிழல் தெரிந்தால் குரைத்துத் தள்ளும், கயிற்றைப் பிடித்தால் முதியவர் கைக்கு அடங்கும். ராஜபாளையம், கோம்பை இரண்டையும் பலர் சொல்வார்கள். இரண்டும் நம் மண்ணின் நல்ல இனங்கள், ஆனால் அவையும் ஒருவரோடு ஒட்டும் குணமும் வேகமும் உள்ளவை, எழுபது வயதில் முதல் நாயாக எடுக்க வேண்டியவை அல்ல. குட்டியை அவர்கள் இருவரும் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், முதல் நாளிலிருந்து சோறு அவர்கள் கையாலேயே போடட்டும். பின்வாசலுக்கு விளக்கும் கேமராவும் வைத்து அதை உங்கள் கைபேசியில் பாருங்கள். கருத்தடை அறுவையும் வெறிநாய்க்கடி ஊசியும் உண்ணி மாத்திரையும் எந்தெந்தத் தேதியில் என்று எழுதி, பக்கத்தில் இருக்கும் பங்காளி ஒருவரிடமும் ஒரு நகல் கொடுத்துவையுங்கள்.